வெள்ளிக்கிழமை மூச்சு

“அவ ஊதுறா, தலைவரே! என் புள்ளைக்கு மூச்சு அடைக்குது. நீங்களே வந்து பாருங்க.”

மலாக்கா மாநிலத்தில், பெம்பான் ஊருக்குப் பக்கத்துத் தோட்டத்தின் கோயில் தலைவர் காளிமுத்து, மோகனாவின் வீட்டுக்குள் நுழைந்ததுமே இருமினார்.

“பாத்தீங்களா? உங்களையும் பிடிச்சிருச்சு.”

எட்டு வயது தேவிஸ்ரீ பலகைச் சுவரோரம் சாய்ந்திருந்தாள். அவள் மூச்சை விடுந்தோறும் நெஞ்சுக்குள் விசில் கேட்டது.

“கிளினிக்குல குடுத்த மூச்சு மருந்துப் பம்பை இப்பதான் இழுத்தா. சத்தம் போடாம கேளுங்க.”

பிள்ளையின் விசில் ஓய்ந்தது. சுவருக்கு அப்பால், அடுத்த வீட்டில், அதே விசில் மெல்ல எழுந்தது.

காளிமுத்து பலகைச் சுவரில் காதை வைத்தார்.

“யாரும்மா அது?”

“தனியா இருக்காளே, சுப்பம்மா, அவதான். செவ்வாய்க்கிழமை ஒரு வெள்ளை வேன் வந்து ஏத்திக்கிட்டுப் போகுது. மலாய் மந்திரவாதி, போமோகிட்ட மந்திரம் கத்துக்கத்தான் போறா, வேற எதுக்கு? வந்ததும் ஒரு குழாய்ல ஊதுறா, நோட்டுல எழுதுறா. வெள்ளிக்கிழமை ஆனா என் புள்ளை துடிக்குது, இன்னைக்கும் பாருங்க. போன வாரம் என்கிட்டயே, ‘பிள்ளையை அந்தச் சுவரோரம் படுக்க வைக்காதே’ன்னு மிரட்டுறா! வாராவாரம் கண்ணு கழிச்சும் அடங்கல. ஞாயித்துக்கிழமைக்குள்ள அவ வீட்டைக் காலி பண்ணணும், தலைவரே.”

“வா, கேட்டுருவோம்.”

அடுத்த வீட்டின் கதவு திறந்தே இருந்தது. சுப்பம்மா ஒரு குழாயை வாயில் வைத்து ஊதினாள். அதன் முள் நின்ற இடத்தைப் பார்த்து நோட்டில் ஓர் எண்ணை எழுதினாள்.

“என்ன மந்திரம் இது, அக்கா?”

“மந்திரமா?” சிரிப்பு பாதியிலேயே இழுப்பாக மாறியது. “மூச்சு அளக்குற குழாய், தம்பி. மலாக்காவுல டாக்டருங்க ஒரு சோதனை நடத்துறாங்க. ரத்தம் உறையாம இருக்க ஊசி போடுவாங்களே, ஹெப்பாரின்னு ஒரு மருந்து; அதை ஆவியாக்கி மூச்சுல இழுத்தா, ஒவ்வாமையால வர்ற இழுப்பு அடங்குமான்னு பாக்குறாங்க. எனக்குக் குடுக்குறது மருந்தா, வெறும் உப்புத்தண்ணியான்னு எனக்கே சொல்ல மாட்டாங்க. அப்புறம் எனக்கு ஆகாத தூசியை இழுக்க வைப்பாங்க. காலையில இழுத்தது சாயந்தரமும் அடைக்கும்லா; அதான் தினமும் ஊதி எழுதச் சொல்லியிருக்காங்க.”

“ஆகாததுன்னு தெரிஞ்சே இழுக்குறீங்களா? எதுக்குக்கா?”

சுப்பம்மா பலகைச் சுவரைப் பார்த்தாள்.

“அந்தப் பக்கம் ஒரு பிள்ளை இழுக்குறது எனக்குக் கேக்குதே, தம்பி.”

“நம்பாதீங்க, தலைவரே! நடிக்கிறா!” என்றாள் மோகனா.

காளிமுத்து நோட்டை வாங்கிப் புரட்டினார். செவ்வாய் மாலைகளில் எண்கள் சரிந்திருந்தன. புதனும் வியாழனும் ஏறியிருந்தன. வெள்ளிக்கிழமைகளில் மட்டும், ஆறு மணிக்குப் பிறகு, மீண்டும் சரிந்திருந்தன. ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

“வெள்ளிக்கிழமை சோதனை இல்லையே. அப்புறம் ஏன் இறங்குது?”

சுப்பம்மா நோட்டை வாங்கி மூடி, மோகனாவுக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினாள்.

“விடுங்க தம்பி. பெத்தவ பயத்துல செய்யறது. நேரா சொன்னா தாங்க மாட்டா. அதான், பிள்ளையைத் தள்ளிப் படுக்க வைன்னு மட்டும் சொன்னேன்.”

காளிமுத்து வீட்டின் பின்புறம் சென்றார். மோகனாவும் பின்தொடர்ந்தாள்.

இரு வீடுகளுக்கும் பொதுவான சுவரின் அடியில், அவள் சற்றுமுன் பிள்ளைக்குக் கண்ணு கழித்துத் தணலில் போட்ட மிளகாய்கள் இன்னும் கனன்றுகொண்டிருந்தன. புகை, பலகை இடுக்குகளின் வழியே, இரண்டு வீடுகளுக்குள்ளும் நுழைந்துகொண்டிருந்தது.