ஏழில் அடங்காத ஒரு ரூபாய்

குடும்பத்துக்கு 1,42,857 ரூபாய் கடன். பத்து லட்சம் முன்பணத்தை எங்கள் ஏழு குடும்பத்துக்கும் சரிசமமாகப் பிரித்த செங்கல்சூளை முதலாளி, மிஞ்சிய ஒரு ரூபாயைத் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். எழுத்துக் கூட்டிப் படிக்க வந்த பிறகு அந்த எண் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. ஈரக்கல்லில் குச்சியால் பெருக்கிப் பார்த்தேன். இரண்டால் 2,85,714. மூன்றால் 4,28,571. ஆறு வரைக்கும் அதே இலக்கங்கள்தான், இடம் மாறி மாறிச் சுற்றின. ஏழால் பெருக்கினால் மட்டும் எல்லாமே ஒன்பது.

ஏழு குடும்பமும் செங்கல் அறுத்தே கடனைக் கழித்த அன்று முதலாளி நோட்டைக் காட்டினார். "பத்து லட்சத்துக்கு ஒரு ரூபா குறையுதே, கன்னியப்பா."

நான் ஒரு ரூபாய் நாணயத்தை நீட்டினேன்.

"இதை ஏழு பேர் கணக்குல எப்படிப் பிரிச்சு எழுத? இன்னொரு சீசன் இருங்க."

"அன்னைக்கும் பிரிக்க முடியலன்னுதானே மொதலாளி உங்க பையில போட்டீங்க?"

முதலாளியின் பேனா நோட்டில் பாக்கியாக நின்ற அந்த ஒன்றை அடித்தது.