எந்த விரல்?

அம்மியிலிருந்து மருதாணியை வழித்தெடுத்தாள் தனகோடி. தங்கை கங்கம்மாளை அழைத்துப்போக நாளைக்குப் புருஷன் வீட்டார் வருகிறார்கள். வெறுங்கையோடு அனுப்ப மனசில்லை.

"லாங் பஜார்ல கருப்புப் பொடி விக்கிறாங்களாம்க்கா. கலந்தா ஜாஸ்தி பிடிக்குமாம்" என்றாள் கங்கம்மாள்.

"அதெல்லாம் தோலை எரிச்சுடும். இலையும் எலுமிச்சம்பழமும் போதும்."

"எரிஞ்சா எனக்கு இன்னா?" கங்கம்மாள் சிரித்தாள். தனகோடி சிரிக்கவில்லை.

"சின்ன வயசுல வெளாடுவோமே, அது வெளாடலாம். எந்த விரல்ல வெக்கிறேன்னு பாக்காம சொல்லணும்."

"நான் தோத்ததே இல்லியே!"

"பாதிக் கண்ணால பாத்தா எப்படித் தோப்ப?" துண்டை எடுத்துத் தங்கையின் கண்ணைக் கட்டினாள்.

இடது கையில் எல்லா விரலையும் கங்கம்மாள் டக்கு டக்கென்று சொல்லிவிட்டாள். வலது கைக்கு வந்ததும் பேச்சு நின்றது.

"இன்னும் வெக்கலியாக்கா?"

"இரு, உருட்டறேன்" என்றாள் தனகோடி. நான்கு விரல்களில் ஏற்கெனவே வைத்தாகிவிட்டது. அடுத்த உருண்டையைக் கட்டை விரலில் அழுத்தினாள்.

"அக்கா... சில்லுனு இருக்குது. கட்டை விரலா?"

மூன்று வருஷம் பெருவியாதி ஆஸ்பத்திரியில் இருந்து குணமாகி வந்தவள் கங்கம்மாள். தொழுநோய் போய்விட்டது; வலது கை மட்டும் மரத்தது மரத்ததுதான். கஞ்சி வடிக்கும்போது சுட்டுக் கொப்பளித்தாலும், பார்த்தவர்கள் சொல்லித்தான் அவளுக்குத் தெரியும்.

தனகோடி அதே விரலில் இன்னொரு உருண்டை வைத்தாள்.

"இப்ப எது?"

"அதேதான்! ஏமாத்தப் பாக்கிறியா?"