போறோம்

கிரேன்காரரின் பாஸ்போர்ட், அவர் வேலை பார்க்கும் கட்டடத்தின் ஸ்டோர் ரூமில், போல்ட் டப்பாவுக்கு அடியில் பத்திரமாகப் படுத்திருந்தது. அந்தத் தைரியத்தில்தான் அவர் மனைவியோடு டிராவல்ஸ் ஆபீசுக்குள் காலை வைத்தார். அங்கே கேட்பார்கள். இங்கே அங்கே தடவிப் பார்த்துவிட்டு, "அய்யய்யோ, தொலைஞ்சு போச்சே" என்று கையைப் பிசைந்தால் கதை முடிந்தது. நல்லவேளை, வீட்டில் அவள் அதைக் கேட்கக்கூட மறந்துவிட்டாள்.

"வாங்க மேடம், வாங்க சார்! ரெண்டு பேர்தானே?" டிராவல்ஸ் பெண் கம்ப்யூட்டரைத் தட்டினாள்.

"ஆமாம்மா, ரெண்டே பேர். பனி கொட்ட ஆரம்பிக்கறதுக்குள்ள போறோம்" என்றாள் மனைவி. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

போன மாதம் சாப்பிடும்போதும் இதையேதான் சொன்னாள். "அந்தக் குட்டி மலை நாட்டுக்குப் போறோம்ங்க. முடிவு பண்ணிட்டேன்." இவர் சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"எனக்கு லீவு கிடைக்காதே. நான் இல்லன்னா அங்க ஒரு கம்பி மேல போகாது" என்று அளந்துவிட்டுப் பார்த்தார்.

"தெரியும், தெரியும். அதுக்கு நான் வேற வழி பண்ணிட்டேன்" என்று அவள் எழுந்து போய்விட்டாள். இஞ்சினியரிடமே பேசிவிட்டாளோ என்று அன்றைக்கு ராத்திரி முழுக்க இவர் புரண்டு புரண்டு படுத்தார். அப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுத்தாலே மனுஷன் பாத்ரூமுக்குள் நழுவிவிடுவார். இன்றைக்குத்தான், "அந்தப் பொண்ணு படபடன்னு பேசுது, கூட வாங்க" என்று பிடித்த பிடியில் இழுத்து வந்துவிட்டாள்.

விஷயம் இதுதான். கிரேன்காரர் கிரேனில் ஏறி மாதக்கணக்காகிறது. ஒரு நாள் காற்று சுழற்றி அடித்ததில், உச்சியிலிருந்த கேபின் அவரோடு சேர்ந்து ஊசலாடியது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. ஆனால் மறுநாள் ஏணியின் முதல் படியிலேயே கால் வெடவெடவென்று உதறியது, அது இன்னும் நின்றபாடில்லை. "சரியாகிற வரைக்கும் கீழ ஸ்டோரைப் பாத்துக்க" என்றுவிட்டார் இஞ்சினியர்.

வீட்டில் மூச்சுவிடவில்லை. எப்படி விடுவது? அவள் தினமும் பஸ்ஸில் அந்த வழியாகப் போகிறவள். பக்கத்து சீட்டுக்காரியை முழங்கையால் இடித்து, "அதோ உச்சாணியில உக்காந்திருக்காரே, அவர்தான் எங்க வீட்டுக்காரர்" என்று காட்டி, மேலே பார்த்துக் கையாட்டுவாள். ஸ்டோர் ஜன்னலில் நின்று அதைப் பார்க்கிறவருக்கு நெஞ்சு வெந்துபோகும். இது மட்டும் அவளுக்குத் தெரிந்தால் அப்புறம் எந்த முகத்தோடு வீட்டுக்குள் நுழைவது?

"பிளேன் இறங்கறதே செம திரில் சார்! ரெண்டு மலைக்கு நடுவுல அப்படியே சாய்ஞ்சு போகும்" என்றாள் டிராவல்ஸ் பெண். "அப்புறம் கயிற்றுப் பாலம். கீழ பாத்தா ஆறு நூல் மாதிரிதான் தெரியும்."

கிரேன்காரர் நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

"என்ன சார், இப்படி வேர்க்குது? ஏசியைக் கூட்டவா?"

"அவருக்கா? அவரு உயரத்துலயே குடித்தனம் பண்றவரும்மா. உன் பாலமெல்லாம் அவருக்கு எம்மாத்திரம்!" என்று மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பு இவரைக் குத்தியது.

"சரி மேடம், ரெண்டு பாஸ்போர்ட்டையும் கொடுங்க."

வந்துவிட்டது. கிரேன்காரர் சட்டைப் பையைத் தடவினார், பேன்ட் பையைத் தடவினார், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்தார். அதற்குள் மனைவி கைப்பையைத் திறந்து மேஜைமேல் பாஸ்போர்ட்டை வைத்தாள். ஒன்றல்ல, இரண்டு.

அவருக்குக் காது அடைத்தது. ஸ்டோருக்கே போயிருக்கிறாள்! போல்ட் டப்பாவைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள்! எல்லாம் தெரிந்துகொண்டு, ஒன்றுமே தெரியாதவள்போல இத்தனை நாள் ஆழம் பார்த்திருக்கிறாள்!

"போதும்மா, இதுக்கு மேல என்னைச் சோதிக்காத." கிரேன்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். "நான்தான் ஒளிச்சு வச்சேன். கிரேன்ல இப்ப இருக்கிறது நான் இல்ல. நீ கையாட்டறியே, அது வேற எவனுக்கோ. எனக்கு ஏணியைப் பாத்தாலே கால் உதறுது. உங்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

டிராவல்ஸ் பெண் கீபோர்டில் எதையோ தேடுவதுபோலத் தலையைக் குனிந்துகொண்டாள்.

"கீழயா இருக்கீங்க? இத்தனை நாளாவா?" மனைவியின் கண் நிறைந்துவிட்டது. "இதை மனசுல வச்சுக்கிட்டா தினமும் ஒண்ணும் நடக்காத மாதிரி வந்து போயிட்டு இருந்தீங்க?"

"அப்ப... உனக்குத் தெரியாதா?"

"யாரு சொன்னா எனக்கு?"

"பின்ன என் பாஸ்போர்ட் உன் கைக்கு எப்படி வந்துச்சு?"

அவள் இரண்டாவது பாஸ்போர்ட்டைப் பிரித்து அவர் பக்கம் திருப்பினாள். உள்ளேயிருந்து அவருடைய சொந்தத் தங்கை அவரை முறைத்தாள்.

மனைவி மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அவர் கையைப் பிடித்தாள்.

"உங்களுக்குத்தான் லீவு கிடைக்காதுன்னீங்களே... போறோம்னு சொன்னது 'நாம' இல்லீங்க, 'நாங்க'!"