எந்தச் சங்கீதம்?

"அம்மா, கல்யாண வீட்ல கையைக் கழுவிட்டு ஜெபமா, ஜெபம் பண்ணிட்டுக் கையைக் கழுவணுமா?"

"போனை வைய்யா முதல்ல!"

போன மாதம் கிருபைதாசோடு போனில் நடந்த இந்தப் பேச்சு, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த சபை ஆயர் தவமணியம்மாவுக்கு நினைவு வந்தது. இறையியல் கல்லூரி முடித்துத் தன்னிடம் பயிற்சிக்கு வந்த கிருபைதாசைப் பெற்ற பிள்ளையாகத்தான் வைத்திருந்தார். அவனோ இரண்டு வருடமாக அவர் வாயைப் பார்த்தே ஊழியம் செய்கிறான். இன்னும் அரைமணியில் அவருக்கு இருதய ஆபரேஷன். கட்டிலருகே நின்று, அவர் சொல்வதையெல்லாம் குறித்துவைக்கும் நோட்டைப் பிரித்தான்.

"ஆபரேஷனுக்குப் போறவங்களுக்கு பைபிள்ல எந்தச் சங்கீதம்மா வாசிக்கணும்?"

ஊரே அவரிடம் ஜெபம் கேட்டு வந்தது. முப்பது வருட ஊழியத்தில் அவர் தனக்கென்று யாரிடமும் கேட்டதில்லை, கேட்கக் கூச்சம்.

"அந்த நோட்டை ஜன்னல் வழியா எறிடா!" என்றார். பிறகு குரல் இறங்கியது.

"பயமா இருக்கு, கிருபை. எனக்காக ஜெபம் பண்ணுய்யா."