என் சோபா, என் காலு

"ஒரு அதிகாரி வந்து நிக்கிறேன். காலைக் கீழ போடக்கூட மரியாதை இல்லையா?"

"என் சோபா, என் காலு. எங்க வேணா வைப்பேன்" என்றார் கூண்டுக்காரர். கிளிக்கூண்டும் முயல்கூண்டும் விற்கிற கடை அவருடையது. தெருவே அவரை அந்தப் பெயரில்தான் கூப்பிடும். இரண்டு காலையும் மேலே தூக்கிச் சம்மணம் போட்டு ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார்.

ஆய்வாளருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டார். "வெளிநாட்டு விஷப்பாம்பை வீட்ல வச்சு விக்கிறீங்கன்னு புகார். லைசென்ஸ் இல்லாம வச்சிருந்தாலே ஜெயிலு. வித்தா வெளியவே வர முடியாது."

"புகார் கொடுத்தது எதிர்க்கடைக்காரன்தானே? வயித்தெரிச்சல் புடிச்சவன். தேடுங்க சார், தாராளமா தேடுங்க!"

போன வாரம்தான் முதலைக்குட்டி என்று ஒரு வீட்டுக் கதவை உடைத்து நுழைந்து, ரப்பர் பொம்மையோடு திரும்பியிருந்தார் ஆய்வாளர். "இன்னொரு தடவை வெறுங்கையோட வந்தே, யூனிஃபார்மைக் கழட்டி என் மேஜை மேல வச்சிட்டுப் போயிடு" என்று மேலதிகாரி கத்தியது இன்னும் காதிலேயே நின்றது.

கட்டிலுக்கு அடியில் குப்புறப் படுத்துத் துழாவினார். தலையணை உறைகளை உதறினார். அழுக்குத்துணிக் கூடையைக் கவிழ்த்தார்.

கூண்டுக்காரரின் மனைவி ஸ்டூல் மேல் நின்று மின்விசிறி துடைத்துக்கொண்டிருந்தாள். வீடே தலைகீழானபோதும் இறங்கி வரவில்லை. புருஷனுக்கேற்ற திமிர் என்று நினைத்துக்கொண்டார் ஆய்வாளர்.

"ஃப்ரிட்ஜுக்குப் பின்னாடி பாத்தீங்களா சார்?" சோபாவிலிருந்து குரல் வந்தது.

"என்ன, கிண்டலா?"

"கையை நல்லா உள்ள விட்டுப் பாருங்க. அப்புறம் பாக்கலைன்னு சொல்லக் கூடாதுல்ல?"

பல்லைக் கடித்துக்கொண்டு கையை விட்டார். ஒட்டடைதான் வந்தது.

"ஷூ வைக்கிற அலமாரி?"

ஒவ்வொரு ஷூவுக்குள்ளும் கையை விட்டுப் பார்த்தார். ஒரு கரப்பான் ஓடியது.

"வாஷிங் மெஷினு?"

"யோவ்! யாருகிட்ட எகத்தாளம் பண்றே? உன்னை உள்ள தள்ளாம விடமாட்டேன்யா!"

"தள்ளுங்களேன். முதல்ல மெஷினைத் தள்ளிப் பாருங்க."

அதையும் தள்ளிப் பார்த்தார். முதுகு பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நாளைக்கு அந்தச் சட்டையும் இருக்காது.

"சரிய்யா, ஒத்துக்கறேன்" என்றார். "இண்டு இடுக்கு விடாம பாத்தாச்சு. இந்த வீட்ல பாம்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. போதுமா?"

கூண்டுக்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார் என்று எதிர்பார்த்தார். சிரிக்கவில்லை. பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தார்.

மனைவிதான் அலறினாள்.

"ஐயையோ, அப்ப அது எங்கதாங்க போச்சு?"