தூணோரத்து இருக்கை

பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும் என்று தெரிந்தும் அதற்கும் சேர்த்தே டிக்கெட் வாங்கியிருந்தார்.

மதிய வெயில். கடற்காற்று இன்னும் வந்து சேரவில்லை. கண் தானாகச் சொக்கியது.

அரைக் கண்ணில் பார்த்தால் இந்த மைதானத்தில் எல்லா ஆட்டங்களும் ஒன்றாகவே நடக்கின்றன. கல்யாணமான வருடம் மனைவியைக் கூட்டிவந்த டெஸ்ட். வெள்ளைச் சட்டைக்காரர்கள் ஐந்து நாள் ஆடி, யாரும் ஜெயிக்காமல் கைகுலுக்கிக்கொள்கிறார்கள். அவர்களுக்கு நடுவே நீலச் சட்டைகள் ஓடுகின்றன. மூங்கில் தடுப்புக்குப் பின்னால் விளக்குக் கம்பங்கள் முளைக்கின்றன. யாரோ டிரான்சிஸ்டரைத் திருக, யாரோ டிரம் அடிக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேலே சௌந்தரத்தின் குரல்.

"என்னங்க ஆச்சு?"

பந்துக்குப் பந்து இதே கேள்விதான். கண்ணெதிரே நடப்பதைக் கேட்கிறாளே என்று அவருக்கு எரிச்சல் வரும். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்பார். அவள் சிரித்துக்கொண்டே எலுமிச்சை சாதத்தைப் பிரிப்பாள்.

பெரிய திரை வைத்த வருடம் அவள் கைதட்டி மகிழ்ந்தாள். டிவி பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தாய் என்று அதற்கும் கேலி.

ஓரத்து இருக்கை எப்போதும் அவளுக்குத்தான். தூண் நிழல் விழும், முகத்தில் வெயில் படாது என்பாள். ஒருநாளும் மாற்றிக்கொண்டதில்லை.

போன பங்குனியில் போய்விட்டாள்.

அவள் இடத்தில் யாரும் உட்காரக் கூடாது. இன்று அவருக்கு வேண்டியது அது ஒன்றுதான். அங்கே பையை வைக்க வந்தவரை முறைத்தே விரட்டினார்.

எதிரணி ஜோடி பிரிவதாக இல்லை. இதற்கு இந்தக் கேலரிக்காரர்கள் ஒரு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். வரிசை மொத்தமும் ஓர் இருக்கை நகர்ந்து உட்கார்ந்தால் விக்கெட் விழும். அவள் இருந்தவரை இந்த வரிசையில் நகர இடம் இருந்ததில்லை.

"சார், அங்க காலியாத்தானே இருக்கு? ஒரு சீட்டு தள்ளிக்குங்க சார். மேட்ச் கைய விட்டுப் போவுது."

அவர் அசையவில்லை.

வரிசையே எழுந்து நின்று அவரைப் பார்த்தது. பின்னால் இருந்தவர்கள் மறைக்கிறது என்று கத்தினார்கள்.

எழுந்தார். தள்ளி உட்கார்ந்தார்.

பந்துவீச்சாளர் ஓடி வந்தார்.

தூணுக்குப் பின்னால் மறைந்தார்.

ஆடுகளம் இல்லை. மட்டைக்காரர் இல்லை. ஸ்டம்பு இல்லை. சுண்ணாம்பு அடித்த தூண் இருந்தது. அதன் இரண்டு பக்கமும் கொஞ்சம் புல்.

மைதானமே எழுந்து அலறியது.

அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

வரிசையில் எல்லாரும் ஒருவரை ஒருவர் கட்டிக்கொண்டார்கள். விக்கெட் விழுந்துவிட்டது. இனி ஆட்டம் முடியும்வரை யாரும் இடத்தை விட்டு அசையக் கூடாது என்று உத்தரவும் பிறந்தது.

தான் விட்டுவந்த இருக்கையைப் பார்த்தார். அங்கே இப்போது ஓர் இளைஞன். அங்கிருந்து எல்லாமே தெரியும். அத்தனை வருடமும் தெரிந்தது.

பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா என்று மனது அடித்துக்கொண்டது.

இளைஞன் தூணைப் பார்த்தான். பிறகு அவர் முகத்தை.

"மறைக்குதா சார்? நான் வேணா அங்க வந்துடறேன்."

"இல்லப்பா" என்றார். "நல்லாத் தெரியுது."