சாயம் போன செவலை

ஒரு பொய்த் தோட்டா இருந்தது. மேலே சிவப்புச் சாயம் பூசியிருந்ததால் செவலை என்று பேர். உள்ளே மருந்து கிடையாது. சின்ன ரிவால்வரிலும் உட்காரும், பெரிய ரிவால்வரிலும் உட்காரும். எஜமான் தினமும் அதைப் போட்டுக் கதவைக் குறிபார்த்துப் பழகுவார். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான்.

இரண்டிலும் மாறி மாறி ஏறி இறங்கியதில் சாயம் தேய்ந்து, பித்தளை பளபளத்தது. பார்க்க அசல் தோட்டா மாதிரியே இருந்தது. அதில் செவலைக்குக் கொஞ்சம் மிதப்பு.

அன்று எஜமான் போனில் பேசிக்கொண்டே டிராயருக்குள் கைவிட்டு, பார்க்காமலே அள்ளிப் பெரிய ரிவால்வரை நிரப்பினார். ரிவால்வரின் உருளையில் செவலைக்குப் பக்கத்துக் குழியில் புதுசாக ஒன்று வந்து உட்கார்ந்தது. சின்ன ரிவால்வரின் தோட்டாப் பெட்டியிலிருந்து டிராயருக்குள் உருண்டு விழுந்ததாம்; செவலை மாதிரியே அதுவும் இரண்டிலும் உட்காரும்.

"அண்ணே, வயித்துக்குள்ள என்னவோ கனமா இருக்கு."

"முதல் தடவைன்னா அப்படித்தான் தம்பி. பின்னால ஒரு தட்டு விழும். அப்புறம் நாம பாட்டுக்கு டிராயருக்குத் திரும்பிடலாம்."

"எல்லாரும் திரும்பிடுவாங்களாண்ணே?"

"திரும்பாம எங்க போவாங்க?"

டக். செவலைக்கு அடி விழுந்தது. உருளை ஒரு குழி நகர்ந்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் எஜமானியின் கொலுசுச் சத்தம், காபி டம்ளரோடு நெருங்கி வந்தது. எஜமான் குறியை மாற்றவில்லை. டக்கென்ற சத்தத்துக்கே பழகிப்போன விரல்.

"கண்ணை மூடிக்க தம்பி," என்றது செவலை. "ஒண்ணும் ஆகாது."